கட்டிப் போட்ட படிப்பு

சீமைக்குப் போய் மேற்படிப்பு படித்துவிட்டு வந்த நர்சு என்று என்னை யாராவது அறிமுகப்படுத்தினால் இப்போதும் எனக்கு முதலில் அலுப்புத்தான் வருகிறது. அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரியும். குளிர் தாங்கினாயா, கப்பலில் வாந்தி வந்ததா, சோறு கிடைத்ததா. இதெல்லாம் முடிந்த பிறகு, போய் வந்ததில் திருப்திதானே என்பார்கள். பணம் கட்டி என்னை அனுப்பி வைத்தவர்களும் இதையேதான் கேட்டார்கள், போவதற்கு முன்பும், அங்கே இருந்தபோதும், வந்த பிறகு வருஷம் தவறாமலும். எங்கள் முகையூர்ப் பக்கத்தில் திருப்தி என்பது பந்தியில் கேட்கிற சொல். குழம்பு வாளியோடு வருகிறவர் குனிந்து, திருப்தியா சாப்பிட்டீங்களா என்று கேட்பார். நாமும் தலையாட்டிவிட்டு இலையை மூடுவோம். படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அந்தச் சொல்லை எங்கே பொருத்துவது என்று எனக்கு வெகு காலம் விளங்கவில்லை.

நான் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கியே காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கென்று இருந்தது ஓர் அண்ணன் மட்டும். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பு கொஞ்சம் ஏறியதால் வெளியூருக்கு அனுப்பி நர்சு ஆக்கினார்கள். பிறகு திண்டிவனத்தில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதை நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. ஊரில் எல்லோரும் அவரை மிஸ்ஸம்மா என்போம். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர்; ‘காய்ச்சல் தணிந்துவிட்டதா’ என்று அவர் கேட்டால் நோயாளிகள் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக் கைகட்டி நிற்பார்கள்.

மிஸ்ஸம்மாவுக்கு ஒரே கவலை, நர்சுகள் நிலைப்பதில்லை என்பது. தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் ஒரு கோடையைப் பார்த்ததுமே மூட்டை கட்டிவிடுவார்கள். இந்தச் சுற்று வட்டாரத்துப் பெண்களையே சேர்த்துக்கொண்டு இங்கேயே ஒரு நர்சு வகுப்பு நடத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. வகுப்பு நடத்த வேண்டுமென்றால் சீமையில் அதற்கென்று படித்துப் பட்டம் வாங்கிய ஒருத்தி வேண்டும். அவர் ஊர்ச் சபையின் பெண்கள் சங்கம் ஒருத்திக்கு மட்டும் செலவு செய்ய ஒப்புக்கொண்டது. அந்த ஒருத்தி நான். கல்யாணம் ஆகவில்லை, இங்கிலீஷ் சுமாராக வரும், வாய் கொஞ்சம் நீளம். வகுப்பு நடத்த வாய்தானே வேண்டும் என்றார் மிஸ்ஸம்மா. திரும்பி வந்து ஐந்து வருஷம் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், அதுவரை கல்யாணப் பேச்சு கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த வயதில் ஐந்து வருஷம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

விழுப்புரம் ஜங்ஷனில் போட் மெயில் ஏறினேன். தனுஷ்கோடி, கொழும்பு, அங்கிருந்து கப்பல். அண்ணன் என் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவரும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பெயர் கொடுத்திருந்தார். “நீ படிச்சிக்கினு வா. நான் அங்க போயி நாலு காசு பாத்துக்கினு வர்றேன். வந்ததும் உனுக்கு ஒரு நல்லது பண்ணிப் பாக்கணும்” என்றார். வண்டி நகர்ந்ததும் கூடவே நடந்து வந்தார். பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

சீமையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பனியில் கால் விரல்கள் வெடித்தன. சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. படிப்பு மட்டும் நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதையே ஒரு பாடமாகக் கற்றுக்கொடுத்தார்கள். மாதம் ஒரு தடவை பெண்கள் சங்கத்தார் டீ கொடுத்து என்னைப் புடவையில் நிற்க வைத்துப் பேசச் சொல்வார்கள். நான் பேசி உட்கார்ந்ததும் ஒரு மூத்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குத் திருப்திதானே என்பார். நல்ல மனுஷி. எனக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் உண்டா என்று அவருக்கே தெரிந்திருக்காது. கடைசியில் ஒரு பட்டம் கொடுத்தார்கள். சிஸ்டர் டியூட்டர். அங்கே சிஸ்டர் என்றால் வார்டுக்குத் தலைவி. அவள் உள்ளே வந்தால் நர்சுகள் எழுந்து நிற்பார்கள். கூலிக்காரன் மகள் சிஸ்டர் ஆகிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமை விழுப்புரம் ஜங்ஷனோடு சரி. யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்பு திரும்பி வந்து இறங்கினேன். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ‘தோத்திரம்மா’ என்று கும்பிட்டார். மடத்துக் கன்னியாஸ்திரிகளை அப்படித்தான் கும்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் சிஸ்டர் என்றாலே கன்னியாஸ்திரிதான், வேறு பொருள் கிடையாது. அண்ணன் மலாயாவுக்குப் போகுமுன் ஊரெல்லாம் என் தங்கச்சி சீமையில சிஸ்டருக்குப் படிக்கிறா என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஊர்க்காரர்கள் சேர்ந்து துக்கமும் சந்தோஷமும் பட்டிருக்கிறார்கள். அந்த மனுஷர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் பிள்ளைக்காக ஜெபம் பண்ணச் சொன்னார். நான் விளக்கம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கும்பிட்டார்.

திண்டிவனத்தில் மிஸ்ஸம்மா எனக்கு ஓர் அறையை வெள்ளையடித்து வைத்திருந்தார். பெஞ்சுகள், கரும்பலகை, குளிப்பாட்டிப் பழகத் துணியில் தைத்த குழந்தை பொம்மை. வாசலில் என் பட்டத்தை எழுதிய பலகை. சிஸ்டர் என்ற சொல் மட்டும் பெரிய எழுத்தில். எல்லாம் இருந்தது, பெண்கள்தான் இல்லை. எட்டாவது படித்த பெண் இருக்கிற வீடாகத் தேடித் தேடி, கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் போனேன். சோறு, துணி, படிப்பு எல்லாம் இலவசம் என்று சொல்வேன். தாய்மார்கள் கேட்டுக்கொண்டே என் கழுத்தைப் பார்ப்பார்கள். நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை, உடம்பில் வெள்ளைப் புடவை, வாசலில் சிஸ்டர் என்ற பலகை. எனக்கே என்னைப் பார்த்தால் சந்தேகம் வந்திருக்கும்.

மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டம் சேரும் என்று ஒரு தடவை ஆஸ்பத்திரி ஆயாவையும் கூட்டிக்கொண்டு போய், கோயில் தெருவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். ஆயா நடுத்தர வயதுக்காரி, கெட்டிக்காரி, எந்த ஊர்க் கதையும் அவள் காதுக்குத் தப்பாது. கால் சுளுக்குக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் மருந்து வாங்க நிறையப் பெண்கள் வந்தார்கள். மருந்தோடு வகுப்பைப் பற்றியும் சொன்னேன். ஒரு தாய் மட்டும் வெளிப்படையாகப் பேசினாள். பொண்ணைப் படிக்க வைக்க ஆசைதான், ஆனால் சாமியாராக நேர்ந்துவிட மனசு வரலை என்றாள். நான் சாமியாரில்லை என்றேன். அப்படியென்றால் ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டாள். ஐந்து வருஷ ஒப்பந்தத்தை அமாவாசைக் கூட்டத்தில் யாருக்கு விளக்க முடியும்? களிம்பை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடலாம் என்று மிஸ்ஸம்மாவிடம் கேட்டேன். அவர் வருத்தப்பட்டார். சங்கத்தார் உனக்கு வாங்கிக் கொடுத்த பட்டம் அது, அதைப் பார்க்கத்தான் அவர்கள் பணம் அனுப்புகிறார்கள் என்றார். பிறகு அதைவிடக் கடினமான செய்தியையும் சொன்னார். அடுத்த ஜூன் மாதத்துக்குள் ஆறு பெண்களாவது சேராவிட்டால் வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தை நிறுத்திவிடுவார்களாம். யுத்தம் வந்துவிட்டது, அவர்களுக்கும் கஷ்டம். நான் வார்டுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். சொல்லி முடித்துவிட்டு, அந்த வருஷத்துக்கான கேள்வியையும் கேட்டார்.

“நீ திருப்தியாக இருக்கிறாயா?”

இருக்கிறேன் மிஸ்ஸம்மா என்றேன். வெள்ளையடித்த அறையில் அதற்குள் பஞ்சு மூட்டைகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு கடல் தாண்டிப் போய்ப் படித்தது பஞ்சு மூட்டைக்குக் காவல் இருக்கவா என்று இருந்தது.

இந்த நிலையில்தான் கண்டமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு கூலிக்காரப் பெண் பிரசவத்துக்கு வந்தாள். திண்டிவனத்தில் அவளுக்குத் தங்கை வீடு. முன்பு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்பதால் இங்கே கூட்டி வந்திருந்தார்கள். மூத்த மகள் எட்டாவது படித்தவள், வார்டு வாசலில் துணி மூட்டையோடு நின்றாள். பங்குனி வெயில் நேரம். வலி மதியம் வரை இழுத்தது. வலி விட்ட நேரங்களில் அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சிலருக்கு அப்படித்தான், பேசினால் பயம் தெரியாது.

“உங்களுக்குக் கல்யாணம் காட்சி ஒண்ணும் ஆவலியாம்மா?”

என் கை இரண்டும் வேலையாக இருந்தன. வியர்வை கண்ணில் இறங்கியது. அலுப்பில் உள்ளதைச் சொன்னேன்.

“சீமைக்குப் போறதுக்கு முன்னயே என்னைக் கட்டிப் போட்டுட்டாங்கம்மா.”

“கட்டிட்டாங்களா?”

“கட்டிட்டாங்க. நீ முக்கு.”

அவள் முக்கினாள். ஆண் குழந்தை. நல்லபடியாக அழுதது. தாயும் பிள்ளையும் ஊருக்குப் போனார்கள், நான் அந்தப் பேச்சை மறந்தும் போனேன்.

ஜூன் மாதம் பிறப்பதற்கு முன்பே அவள் கைக்குழந்தையோடு மறுபடி வந்தாள். கூட மூத்த மகள். அவளுக்குப் பின்னால் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து இன்னும் ஐந்து பெண்கள், அவரவர் தாய்மார்களோடு, எண்ணெய் வைத்துத் தலை வாரி, புதுத் துணி உடுத்தி. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பஞ்சு மூட்டைகளை நானே வெளியே இழுத்துப் போட்டேன். சேர்க்கிற சந்தடியில் அவளிடம், உங்க பொண்ணு சிஸ்டர் ஆயிடுவாள்னு பயமில்லையா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“இன்னாம்மா பயம்? நீங்களே கட்டிக்கினவங்கதானே. நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே” என்றாள்.

கட்டிப் போட்டுட்டாங்க என்று நான் சொன்னதை அவள் கட்டிக் கொடுத்துட்டாங்க என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுப்பதற்குள் இன்னொரு தாய், வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் ஆயா முந்திக்கொண்டு, பட்டாளத்துல என்றாள். கழுத்தில் ஒன்றையும் காணோமே என்ற கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஆஸ்பத்திரி வேலையில் கழுத்தில் எதுவும் போடக் கூடாதாம், பெட்டியில் பத்திரமாக இருக்கிறதாம். தாய்மார்களுக்கு என் மேல் ஒரே இரக்கம். அந்த வருஷம் எந்த ஊரைக் கேட்டாலும் பாதி வீட்டில் ஆம்பிளை பட்டாளத்தில்தான் இருந்தான்.

அவர்கள் போனதும் ஆயாவை அழைத்துச் சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் தலை கால் தெரியாது. இல்லாத புருஷனை எனக்குக் கட்டி வைக்க நீ யார் என்று கேட்டேன். அவள் நான் கத்தி முடிக்கும்வரை முந்தானையால் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க ஆமான்னும் சொல்ல வேணாம், இல்லைன்னும் சொல்ல வேணாம். கிளாசு ஓடணுமா வேணாமா, அத்த மட்டும் சொல்லுங்க.”

மறுநாள் காலை பெண்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வகுப்புக்குப் போனேன். ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். சீமையில் சிஸ்டர் உள்ளே வந்தால் நிற்பார்களே, அப்படியே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடப் பழக்கம். நான் உட்காரச் சொன்னேன். என்னவோ சொல்ல ஆரம்பித்து, கை கழுவுவது எப்படி என்பதில் முடித்தேன். முதல் பாடம் அதுதான்.

அப்படித்தான் எனக்கு ஒரு வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். யுத்தம் நீள நீள அவரும் நிலைத்துவிட்டார். மிஸ்ஸம்மாவின் முன்ஷித் தமிழுக்கு இந்தப் பேச்சு எட்டவே இல்லை. பிள்ளைகளைப் பார்க்க வருகிற தாய்மார்கள் முதலில் அவர் சேதியைத்தான் விசாரிப்பார்கள். கடுதாசி வந்ததா, எந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள், அங்கே சோறு கிடைக்குமா. நான் ஒன்றும் தெரியவில்லை என்பேன், அது பொய்யில்லை. கண்டமங்கலத்துக்காரி அவருக்காக மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு குங்குமம் கொண்டுவந்து கொடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பொம்மைக் குழந்தையின் அலமாரியில் வைத்தேன். சில சாயங்காலம் வேலை ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போது எனக்கே அவர் நினைவு வரும். கோபக்காரராக இருந்திருப்பார் என்று தோன்றும். சோற்றில் கல் இருந்தால் தட்டைத் தள்ளிவிடுகிற ஆள். என் வாய்க்கு அப்படிப்பட்டவர்தான் அமைந்திருப்பார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. விரல் நகச்சுற்றுக்குக் கட்டுப்போட வருவார், நிதானமான மனுஷர், நகச்சுற்று ஆறிய பிறகும் இரண்டு தடவை வந்தார். அப்புறம் வரவில்லை. என் ஒப்பந்தம் முடிந்ததே, மேலே என்ன உத்தேசம் என்று ஆயாவிடம் விசாரித்தாராம். அவள் வேறு வழியில்லாமல் பட்டாளத்துக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டாராம். ஆயா இதை எனக்கு வெகு நாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். அதற்குள் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு வார்த்தை என்னிடமே கேட்டிருக்கலாமே மனுஷன் என்று அவர் மேலும் கோபம் வந்தது. ஐந்து வருஷம் முடிந்துபோனதை அங்கே அவர் ஒருவர்தான் கவனித்திருக்கிறார். எனக்கே அது நினைவில்லை.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து அண்ணனிடமிருந்து கடுதாசி இல்லை. யுத்தம் முடிந்து கப்பல்கள் வர ஆரம்பித்ததும், தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள் யாராவது இறங்குவார்கள் என்று லீவு கிடைத்தபோதெல்லாம் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய் நின்றேன். கடைசியில் ஒருவர் அகப்பட்டார். எலும்பும் தோலுமாக இருந்தார். அண்ணனும் அவரும் ஒரே தோட்டம். சயாமில் ரயில் போட இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கழிச்சலில் போய்விட்டார் என்றார். கொதிக்க வைத்த தண்ணீரும் கழுவிய கையும் இருந்தால் பாதிப் பேருக்கு வராமலே தடுக்கலாம் என்று நான் வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற நோய். நான் அவருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திண்டிவனத்துக்கு வண்டி ஏறினேன்.

இரண்டு நாள் வகுப்பு எடுத்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை, அறையில் உட்கார்ந்திருந்தேன். அன்று பார்த்துக் கண்டமங்கலத்துக்காரி நாலைந்து பெண்களோடு வந்தாள். பட்டாளத்திலிருந்து எல்லோரும் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள், அவள் ஊரில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தோடு உள்ளே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

“இன்னாம்மா இப்பிடி இருக்கீங்க? சேதி ஏதாச்சும் வந்துச்சா? எப்ப வர்றாரு?”

என் தலைக்குள் அண்ணன் மட்டும்தான் இருந்தார். அவள் யாரைக் கேட்கிறாள் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

“வர மாட்டாரு. சேதி வந்துடுச்சு” என்றேன்.

அவ்வளவுதான். அவள் ஓவென்று கத்திக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மற்றப் பெண்களும் தலையை விரித்துச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். முகம் தெரியாத, பெயர் தெரியாத, பிறக்கவே பிறக்காத ஒரு மனுஷனுக்கு இழவுப் பாட்டு எடுத்தார்கள். தேக்கு மரம் போன்ற ராசா என்று ஒருத்தி பாடினாள். நான் சொல்லப் பார்த்தேன். இழவு வீட்டில் விளக்கம் யார் காதில் விழும்? பிறகு நானும் அழ ஆரம்பித்தேன். அண்ணனுக்காக அழுதேன், வாத்தியாருக்காக அழுதேன், வெடித்த கால் விரலுக்காகவும் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். சீமைக்குக் கப்பல் ஏறியதிலிருந்து என்னை யாரும் கட்டிப் பிடித்து அழவிட்டதில்லை. அழுது முடிந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அது பொய்யென்று இன்றும் எனக்குச் சொல்ல வரவில்லை.

கோடி போட அண்ணன் தம்பி யாரும் இல்லையா என்று அவள் கேட்டாள். புருஷன் போனால் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற புதுப் புடவை அது. அண்ணன் இருந்தார், இப்போது இல்லை என்றேன். அவள் பதினாறாம் நாள் கணக்குப் பார்த்துக் கூலிக்காசில் ஒரு புடவை வாங்கிக்கொண்டுவந்து, பிறந்த வீட்டு முறையாக என் தோளில் போர்த்தினாள். எங்கள் சனங்களில் அறுத்துக் கட்டுவது, அதாவது புருஷன் போனவள் மறுபடி கல்யாணம் செய்துகொள்வது, உண்டு. ஆனால் நர்சம்மாவிடம் அப்படியொரு யோசனையைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆயா மட்டும் அன்று என் பக்கத்தில் வராமல் சமையல்கட்டிலேயே இருந்தாள். சாயங்காலம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான்தான் இதுக்கெல்லாம் காரணம் என்று முணுமுணுத்தாள். காப்பியில் சர்க்கரை இல்லை என்று அவளைத் திட்டினேன்.

சுதந்திரம் வந்த வருஷம் மிஸ்ஸம்மா ஊருக்குப் போய்விட முடிவு செய்தார். வயதாகிவிட்டது. அதற்குள் வகுப்பில் பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். சுற்று வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் எங்கள் பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். புறப்படுவதற்கு முன் மிஸ்ஸம்மா என்னை அழைத்து, சங்கத்தில் எல்லோருக்கும் வயதாகிவிட்டது, உன்னைப் பற்றித்தான் கேட்பார்கள், என்ன சொல்லட்டும் என்றார். அவர் கண்ணில் தண்ணீர்.

“நீ திருப்தியாக இருக்கிறாய் அல்லவா?”

இந்தத் தடவை நான் ஆமாம் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் மிஸ்ஸம்மா என்றேன். அவர் அதைத் தமிழில் ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த தை மாதம் கண்டமங்கலத்துக்காரி தாம்பாளத்தோடு வந்தாள். மூத்த மகளுக்குக் கல்யாணம். அவள் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துவந்தாள், என் முதல் வகுப்பின் முதல் பெண். மாப்பிள்ளை விழுப்புரம் ரயில்வேயில் வேலை. நர்சு பெண்தான் வேண்டும் என்று அவர்களே தேடி வந்து கேட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவள் முகம் பூரித்துப் போயிருந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்தது, பொய் சொல்லவில்லை. சிஸ்டரிடம் படித்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்ட ஊர் அது. பிறகு அவள் தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“தாலி கட்டற நேரத்துல எதிர்ல வந்து நிக்க வேணாம்மா. எனுக்கு ஒண்ணுமில்ல. ஊரு ஒரு மாதிரி பேசும். நீங்க பந்திக்கு வந்துடுங்க. கண்டிப்பா வரணும்.”

அதற்கென்ன, வருகிறேன் என்றேன். அவளிடம் கோபித்துக்கொள்ள எனக்கு இடமில்லை. எனக்குக் கோடி போட்டவள் அவள்தான்.

கல்யாணத்தன்று பாண்டிச்சேரி வண்டியில் போய் இறங்கினேன். பந்தலுக்குள் போகாமல் பின்பக்கமாகச் சமையல் நடக்கிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, விசிறியும் கொடுத்தார்கள். மேளச் சத்தம் உச்சத்துக்குப் போனது, அரிசி விழுந்திருக்கும், தாலி ஏறியிருக்கும். நான் ஈர விறகின் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாலையும் கழுத்துமாக அந்தப் பெண் பின்பக்கம் ஓடிவந்து என் காலில் விழப் போனாள். யாரோ ஒருத்தி நல்ல நேரத்தில் வேண்டாம் என்று அவளை மெதுவாகத் திருப்பி அழைத்துக்கொண்டு போனாள்.

முதல் பந்தியிலேயே எனக்கு இலை போட்டார்கள். ஓரத்து இலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், பாயசம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, நன்றாகவே சாப்பிட்டேன். கண்டமங்கலத்துக்காரி தானே வாளியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இலையாக வந்தாள். என் இலைக்கு முன் வந்து குனிந்தாள். வியர்வையும் குங்குமமும் கலந்து நெற்றியில் வழிந்தது.

“திருப்தியா சாப்ட்டீங்களாம்மா?”

எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், இவள்தான் எங்கள் பக்கத்து வழக்கப்படி கேட்டாள். அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்று நின்றாள்.

“திருப்திம்மா” என்று சொல்லிவிட்டு இலையை மூடினேன்.